நாலு எழுத்து

"எடது கை மரத்துப் போற மாதிரி இருக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டே பொன்ராஜ் சொன்னபோது, சுகிர்தா பத்திரிகையிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், "எத்தனை எழுத்து?" என்று கேட்டாள். கம்பிக் கதவைப் பிடித்தபடி அவர் ஒரு கணம் நின்றார். "நாலு" என்றார். அப்புறம் வழக்கம்போல மைதானத்துக்கு நடக்கப் போய்விட்டார். இது இந்த வீட்டில் தினமும் நடப்பதுதான். நடக்கக் கிளம்பும்போது அவர் குறுக்கெழுத்துக் குறிப்பு ஒன்றைப் பேச்சுவாக்கில் நழுவ விடுவார், திரும்பி வருவதற்குள் அவள் விடையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், பிடித்துவிட்டால் காப்பி அவர் போடுவார், இல்லையென்றால் அவள். கல்யாணமான புதிதில் தொடங்கிய கூத்து, மகள் ஜெனிட்டா பிறந்து வளர்ந்து புனேவுக்கு வேலைக்குப் போன பிறகும் ஓயவில்லை. நேற்று, "நகரம் கொழம்புனா பாவிங்க போற எடம், நாலு" என்றார். அவர் தெருமுனை திரும்புமுன்னே "நரகம்!" என்று வாசலில் நின்று கத்திவிட்டாள். நகரம் என்ற எழுத்துகளையே கலைத்து அடுக்கினால் நரகம், பச்சைப்பிள்ளைகூடச் சொல்லும். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், காலங்காத்தாலே புருஷனை எங்கே அனுப்புகிறாள் இவள் என்று நினைத்திருப்பாள். இந்தத் தெருவில் இவர்கள் இருவரையும் பற்றி நினைப்பதற்கு எல்லோரிடமும் ஏதாவது ஒன்று இருந்தது. பாளையங்கோட்டையில் வேறு வேலை இல்லாதவர்கள் அதிகம் என்பாள் சுகிர்தா, அவளே கட்டங்களை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது.

சரி, எடது கை மரத்துப் போற மாதிரி இருக்கு. நாலு. பேனாவின் பின்பக்கத்தால் பல்லைத் தட்டினாள். பத்திரிகையின் புதிர் எதிரே பாதி நிரம்பிக் கிடந்தது, மேலிருந்து கீழாகப் போகிற 'ஒன்பது நெடுக்காக' மட்டும் முரண்டு பிடித்தது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வீட்டுப் புதிர். மரத்து என்றால் உணர்வில்லாமல் போவது, அது மேலுக்குத் தெரிகிற அர்த்தம், ஆகவே அது கிடையாது. மரத்துக் கை என்று சேர்த்துப் பார்த்தால் மரத்தின் கை, கிளை. ரெண்டு எழுத்துத்தான். இடது என்றால் ஒரு சொல்லின் இடப்பக்கம், அதாவது முதலெழுத்து, புதிர்க்காரர்கள் எல்லாம் அப்படித்தான் பயன்படுத்துவார்கள். எதன் முதலெழுத்து? கையின் முதலெழுத்து கை, அங்கே எடுப்பதற்கு வேறொன்றும் இல்லை. மரத்துக்கு இடப்பக்கம் ம. ம, கிளை, இன்னும் ஒன்று வேண்டும். மகிளை... இல்லை. அவர் தேர்ந்த ஆள், கொஞ்சம் குறும்புக்காரர், மின்வாரியத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே வரைபடத்தின் ஓரத்தில் கட்டம் போட்டு மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர், சனிக்கிழமைப் புதிர் அவர் செய்து அனுப்புவதுதான், அதில் ஒரு எழுத்துகூட வீணாக நிற்காது. 'மாதிரி' என்று ஒரு சொல் வைத்திருக்கிறாரே, அது ஏன்? 'மாதிரி' என்றால் ஒலியில் ஒத்த சொல் என்று அர்த்தமா? அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இன்றைக்குக் கஷ்டமானதாகத்தான் கொடுத்திருக்கிறார், திருட்டு மனுஷன்.

கைபேசி சிணுங்கியது. குழுவில் ஆரம்பித்துவிட்டார்கள். 'கட்டம் கட்டு' என்று பெயர் வைத்த குழு அது, பத்திரிகைப் புதிரைப் போட்டுப் பார்க்கிற ஐம்பது அறுபது பேர், அதில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள், மீதிப் பேர் வளைகுடாவில் தமிழுக்கு ஏங்குகிறவர்கள். பத்து மணிக்கு முன்னால் யாரும் விடையை உடைக்கக் கூடாது, பத்து மணிக்குச் சுகிர்தா ஒவ்வொரு குறிப்புக்கும் விளக்கம் எழுதிப் போடுவாள், எது பொருள், எது தந்திரம், எந்தச் சொல்லுக்குள் எந்தச் சொல் ஒளிந்திருக்கிறது என்று. தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் மற்றவர்கள் பேச்சை இணைத்துக் கொடுத்தவள், அந்தப் பொறுமை இதற்கு உதவியது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் சொல்வது ஒன்றே ஒன்று: எழுதியிருப்பதை எழுதியிருக்கிற மாதிரி படிக்காதீர்கள், குறிப்பு சொல்கிற கதையை நம்பினால் தொலைந்தீர்கள். இதை அவள் ஆணி அடித்த மாதிரி சொல்லிச் சொல்லி, சுகிர்தாக்கா சொன்னது என்று மற்றவர்களே திருப்பிச் சொல்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ஜெனிட்டாதான் ஒருமுறை போனில், "நீங்க ரெண்டு பேரும் நேரா ஒரு வார்த்த பேசிக்கிடவே மாட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பால் திரிந்த கதையைச் சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். ஒரு நாள் சமையற்கட்டிலிருந்து, "பாலு திரிஞ்சுபோச்சு சுகி" என்றார் அவர். திரிந்தால் எழுத்து மாறும் என்று அர்த்தம், பால் என்பதைத் திரித்தால் என்ன வரும் என்று அவள் கூடத்தில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டாள், ஒன்றும் வரவில்லை, கடைசியில் எழுந்துபோய்ப் பார்த்தால் அடுப்பில் பால் நிஜமாகவே திரிந்து கிடந்தது. அந்தக் கதையைச் சபைக் கூட்டங்களில்கூடச் சொல்லிச் சிரித்தார்கள். பால் நிஜமாகவே திரிந்து கிடந்தது. பேனாவைப் பல்லில் தட்டுவதை நிறுத்தினாள்.

நிஜமாகவே. சேச்சே. அவள் தலையை உதறிக்கொண்டாள். வெயில் சன்னல் கம்பி வழியாக மேசைக்கு வந்திருந்தது, காப்பி டம்ளரின் வட்டக் கறை பத்திரிகையில் நாலைந்து கட்டங்களை நனைத்திருந்தது. அப்படி ஏதாவது இருந்தால் சொல்ல மாட்டாரா? சொன்னாரே. சொன்னார்தான், ஆனால் அந்தக் குரலில். எந்தக் குரலில்? எப்போதும் பேசுகிற அதே குரலில், அதுதானே வம்பு, குறிப்பு சொல்லும்போதும் பால் திரிந்ததைச் சொல்லும்போதும் அந்த மனுஷனுக்கு ஒரே குரல். சரி, நாலு என்றாரே. வலிக்கிற ஆள் நாலு என்று சொல்வாரா? ஆகவே அது குறிப்பு. குறிப்பு என்றால் விடை இருக்கும், விடை இருந்தால் அவர் நன்றாக இருக்கிறார், மைதானத்தைச் சுற்றிக்கொண்டு, தான் வைத்த பொறியை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டு. ஆகவே விடையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். அவள் பத்திரிகையின் ஓரத்தில் நாலு கட்டம் போட்டாள். விறைப்பு! வி, றை, ப், பு. நாலு. மரத்துப்போவது, விறைப்பு, அப்பாடா. நெஞ்சு லேசாகி, எழுந்துபோய் அடுப்படியில் காப்பித்தூள் டப்பாவை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் எடுத்து வைத்தாள், இன்றைக்குக் காப்பி அவர் முறை. டப்பாவை வைத்த கை அங்கேயே நின்றது. இடது கை எங்கே? குறிப்பு என்றால் பொருள் பாதி, தந்திரம் பாதி, பொருள் மட்டும் இருந்தால் அது அகராதி. இடது கை விடைக்குள் எங்கே இருக்கிறது? கையில் இருப்பது விரல், விரலின் இடப்பக்கம் வி, சரி, வி வந்துவிட்டது. றைப்பு? அதற்கு எதுவும் இல்லை. வேண்டுமென்றே இழுத்துப் பொருத்துகிறாள் என்று அவளுக்கே தெரிந்தது. குழுவில் யாராவது இப்படிப் பொருத்தினால், விடை பிடித்திருக்கிறது என்பதற்காக விளக்கத்தை ஜோடிக்காதீர்கள் என்று எழுதுவாள், பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மையும் போடுவாள். விறைப்பை அடித்தாள். அடித்த கோடு அழுத்தமாக விழுந்து காகிதம் கிழிந்துவிட்டது.

நேற்று 'நாலு' கூடவே வந்தது. அதற்கு முந்தின நாளும் கூடவேதான் வந்தது. அவர் குறிப்பு சொன்னால் எண்ணிக்கை வாலைப் போல ஒட்டிக்கொண்டு வரும், குளியலறையிலேயே விரல்விட்டு எண்ணி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். இன்றைக்கு எண்ணிக்கை வரவில்லை, அவள்தான் கேட்டாள். கேட்டதும் உடனே சொல்லவும் இல்லை, நின்றார். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்தக் கையால் பிடித்தார்? அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்த்தாள், கதவு தெரிந்தது, வேட்டிக் கரை தெரிந்தது, சட்டையின் மேல் பொத்தான் போடாமல் இருந்தது, இல்லை, அது இப்போது தானாகச் சேர்த்துக்கொண்டதோ என்னவோ, அவள்தான் நிமிர்ந்து பார்க்கவே இல்லையே, ஒன்பது நெடுக்காகவைப் பார்த்துக்கொண்டல்லவா இருந்தாள். பார்க்காத ஒன்றை எப்படி ஞாபகப்படுத்துவது? போன வாரம் டம்ளரைக் கீழே போட்டார், அது நிஜம், எண்ணெய்க் கை என்றார். ராத்திரி கழுத்தைப் பிடித்துவிடச் சொன்னார், தலையணை சரியில்லை என்றார். அவருடைய அண்ணன் செல்லத்துரை இப்படித்தான், காலையில் மோட்டார் போடப் போனவர் கிணற்றுமேட்டிலேயே சாய்ந்தார், தண்ணீர் தொட்டி நிரம்பி வழிந்து முற்றத்துக்கு வந்த பிறகுதான் வீட்டில் பார்த்தார்கள். அடக்கத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் இவர் செருப்பை மாட்டும்போது, "கூடப் பொறந்தது பாதில நின்னுபோச்சு, மூணு எழுத்து" என்றார். பாதி என்றதால் ஒரு சொல்லை நறுக்க வேண்டும் என்று அவள் மும்முரமாக நறுக்கிப் பார்த்தாள், ஒன்றும் தேறவில்லை. திரும்பி வந்தவரிடம் தோற்றுவிட்டேன் என்றபோது, "போட்டும் விடு, நல்லா அமையல" என்று உள்ளே போய்விட்டார். அன்றைக்குக் காப்பியைக்கூட அவர்தான் போட்டார். அதை அவள் இத்தனை நாள் நினைத்ததே இல்லை. இப்போது ஏன் ஞாபகம் வந்தது? அது குறிப்பே இல்லையோ? அழ வந்த மனுஷன் மூன்று எழுத்தைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றாரோ, இவள் அழுகையைப் பார்க்காமல் போர்வையின் இழையை எண்ணிக்கொண்டிருந்தாளோ?

போன் போடலாம் என்று எடுத்தாள், போட்டாள், குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து அவருடைய கைபேசி மணியடித்தது. எடுத்துக்கொண்டு போனால் நீ துப்புக் கேட்டுத் தொந்தரவு பண்ணுவ என்று அதை என்றைக்குமே வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார், தெரிந்தும் போட்டாள். அது அடித்து ஓய்கிறவரை நின்றாள். போய்ப் பார்க்கலாம். எந்த வழியாக? போகும்போது கோயில் தெரு வழியாகப் போவார், வரும்போது தோன்றினால் வாய்க்கால் கரை வழியாக வருவார், இவள் ஒரு பக்கம் போய் அவர் மறுபக்கம் வந்தால் பூட்டின வீட்டைப் பார்த்துக்கொண்டு அவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். இது சாக்கு என்று அவளுக்கே தெரிந்தது. போனால், பயப்படுகிறேன் என்று ஆகிவிடும். பயப்பட்டால் அது நிஜமாகிவிடும். உட்கார்ந்து புதிர் போட்டுக்கொண்டிருக்கிறவரைக்கும் அது புதிர். பைத்தியக்காரத்தனம், ஆனாலும் அவள் உட்கார்ந்தாள். ஏசப்பா, ஒரு நாலெழுத்துக் குடும், ஒன்றே ஒன்று, என்று வாய்விட்டே சொன்னாள். இத்தனை வருஷமாகச் சபைக்குப் போகிறாள், இப்படி ஒரு ஜெபத்தை யாரும் பண்ணியிருக்க மாட்டார்கள். மரப்பு. அதுவும் நாலுதான், ம, ர, ப், பு, ஆனால் அது அவர் சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்வது, அவர் அப்படிச் செய்ய மாட்டார், கேவலம் என்பார். நாலு, நாலு. மாரடை... அவள் அந்தச் சொல்லை முடிக்காமல் நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் எழுத்தை எண்ணுகிற பழக்கம் அவளைக் கேட்டுக்கொண்டா எண்ணும், அது பாட்டுக்கு எண்ணிவிட்டது, ஐந்து, நாலு இல்லை, நாலு இல்லை என்பதில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கு அவமானமாக இருந்தது.

கைபேசி மறுபடியும் சிணுங்கியது. குழுவில் இல்லை, தனியாக, ஷார்ஜாவிலிருந்து முத்துவேல். புதிதாகச் சேர்ந்தவர், ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பத்து மணிவரை பொறுக்க மாட்டார். 'அக்கா, ஒன்பது நெடுக்காக, வீட்டுக்குள் போக இதைத் திறக்க வேண்டும், மூணு எழுத்து. நடுவுல த வருது. கதவுதானே? ஆனா சூட்சுமம் எங்கன்னு தெரியல. ஒரு மணி நேரமா பார்க்கேன்.' அவள் பத்திரிகையைப் பார்த்தாள். அவளும்தான் பார்க்கிறாள். வீட்டுக்குள் என்றதும் வீடு என்ற சொல்லைப் பிளந்து உள்ளே எதையாவது செருகப் பார்த்தாள், திறக்க என்றதும் ஏதோ ஒரு சொல்லின் தொடக்கத்தைத் தேடினாள். கதவு. அவ்வளவுதான். புதிர் செய்தவருக்கு அலுப்பாக இருந்திருக்கலாம், நேரமில்லாமல் இருந்திருக்கலாம், என்ன சொல்ல வேண்டுமோ அதையே சொல்லிவிட்டார், வீட்டுக்குள் போவதற்குத் திறப்பது கதவு. ஊரெல்லாம் அதை முகர்ந்துபார்த்துக்கொண்டிருக்கிறது. சுகிர்தா பதில் எழுதத் தொடங்கினாள். சூட்சுமம் எதுவும் இல்லை தம்பி, இது நேராகவே சொன்னது, நாம்தான், என்று எழுதி, நாம்தான் என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. இடது கை மரத்துப்போகிற மாதிரி இருக்கிறது. நாற்பது வருஷம் கூட இருக்கிறவளிடம், வாசலில் நின்று, ஒருவர் தன் இடது கை மரத்துப்போகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னார். நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் கேட்டது. அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

காலில் ஒன்று அவளுடைய செருப்பு, ஒன்று அவருடைய பழைய ரப்பர் செருப்பு, அது பெரிதாக இருந்து தட்டித் தட்டி விழப்பார்த்தது. கோயில் தெருவா வாய்க்காலா என்று யோசிக்கவே இல்லை, கால் போன போக்கில் போனாள். பால்காரன் சைக்கிள், மாவு மில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேன், எல்லாம் ஒன்றும் நடக்காதது மாதிரி போய்க்கொண்டிருந்தன. ஏசப்பா, எழுத்தெல்லாம் வேண்டாம், ஆளைக் குடும். வேப்பமரத்தடிக் கல்பாலத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை. மேல் பொத்தான் போடவில்லை. வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை, அவர் மைதானத்துக்கே போகவில்லை, இவ்வளவு நேரமும் இங்கேயேதான் இருந்திருக்கிறார், அவள் அங்கே கட்டம் போட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம். முகம் வியர்த்து வழிந்தது. அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்றார்.

"நீங்க சொன்னது புதிரா, நெசமா?"

அவர் அவளுடைய கால்களைப் பார்த்தார். பொருந்தாத செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாத்தான் சொன்னேன். நீ எத்தன எழுத்துன்னு கேட்டியா... சரி, ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு ஒன்னயப் பயங்காட்டணும், புதிராவே இருந்துட்டுப் போட்டும்னு நெனச்சேன்."

"நாலுன்னீங்களே?"

"வாயில வந்துச்சு, சொன்னேன்."

அவள் முழங்காலிட்ட மாதிரி தரையிலேயே உட்கார்ந்து அவருடைய இடது கையை எடுத்தாள். குளிர்ந்திருந்தது, மடியில் வைத்த துணிமூட்டையைப் போல அவள் எடுத்த பக்கமெல்லாம் வந்தது. சுண்டுவிரலை அழுத்தினாள். "தெரியுதா?" என்றாள். மோதிரவிரலை, கல்யாண மோதிரம் பதிந்த இடத்தில், நகம் படுகிறபடி அழுத்தினாள். "இப்ப?"

"தெரியல, சுகி" என்றார். அப்புறம், அவள் எத்தனையோ காலமாகக் கேட்டிராத ஒரு குரலில், "பயமா இருக்கு" என்றார்.

"எனக்கும்தாங்க" என்றாள். கண்ணீர் அது பாட்டுக்கு வந்தது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் அவருடைய கையைப் பிடித்திருந்தது. பிடித்தபடியே தெருவைப் பார்த்து, "ஆட்டோ! ஏ ஆட்டோ!" என்று நேற்று நரகம் என்று கத்தினதைவிடப் பெரிதாகக் கத்தினாள். மாவு மில் வாசலில் நின்ற ஆட்டோ திரும்பி வந்தது. டிரைவரும் அவளுமாகத் தூக்கி ஏற்றினார்கள். "எங்கக்கா?" என்றான் அவன். "பெரியாஸ்பத்திரி, சீக்கிரம் போங்க தம்பி" என்றாள். அவருடைய தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள், மூச்சு அவள் கழுத்தில் பட்டது, வந்தது, போனது, அடுத்தது வருகிறவரை அவளுடைய மூச்சு நின்றது, வந்தது. வீட்டைத் தாண்டும்போது அவர் கண்ணைத் திறந்தார்.

"கதவப் பூட்டுனியா?" என்றார்.

"இல்லங்க" என்றாள் சுகிர்தா. "தெறந்துதான் கெடக்கு."